பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடுமுன்...

சென்ற இதழில் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவது பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு திருச்சியிலிருந்து என் ஓரகத்தி போன் செய்தாள். "அக்கா, பாத்திரம் இருக்கட்டும். எங்க வீட்டுல போகிக்கு நடந்த கூத்தை எழுதுங்க. நாலு பேருக்கு உபயோகமா இருக்கும்" என்றாள். கேட்டபோது எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் பதைப்பு. நம் சிநேகிதிகளுக்கு அவசியம் சொல்ல வேண்டிய விஷயம் என்று தோன்றியது.

என் ஓரகத்தி வீட்டிலிருந்தே எம்பிராய்டரி வேலை செய்து கொடுப்பவள். ரவிக்கைக்குப் பூவேலை, பள்ளிக்கூட யூனிபாரத்துக்கு பாட்ஜ், கைக்குட்டையில் பெயரெழுத்து என்று எப்போதும் கையில் ஆர்டர் இருக்கும். 2001-ல் சீட்டுப் பணத்தில் வாங்கிய கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் அவளுடையது. மெஷின் இன்னும் கல் மாதிரி ஓடுகிறது. ஆனால் அதற்கு டிசைன் சொல்லிக் கொடுப்பது, அதோடு கூட வாங்கிய விண்டோஸ் 98 கம்ப்யூட்டர்தான். டிசைனை அதில் வரைந்து, பின்பக்கத்து ஒன்பது முள் பிளக்கில் கேபிளைச் செருகி மெஷினுக்கு அனுப்ப வேண்டும்.

போகிக்கு முதல் நாள் வீட்டை ஒழித்தார்கள். இவள் கோயிலுக்குப் போயிருந்த நேரம். "இது எதுக்கு இடத்தை அடைச்சுக்கிட்டு? மஞ்சளா பழுத்துப் போச்சு. எல்லார் கையிலயும் இப்ப லேப்டாப் இருக்கே!" என்று அவள் பிள்ளையே அந்தக் கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்காரருக்கு எடை போட்டுக் கொடுத்துவிட்டான். கிடைத்தது முந்நூற்று ஐம்பது ரூபாய்!

கோயிலிலிருந்து வந்தவள் மெஷின் பக்கத்து மேஜை காலியாக இருப்பதைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டாளாம். இருபது வருஷத்து டிசைன்கள் அத்தனையும் அதற்குள். அதைவிட, பொங்கல் விடுமுறை முடிந்ததும் கொடுத்தாக வேண்டிய முந்நூறு பாட்ஜ் ஆர்டர் வேறு. "அம்மா, அந்த சாப்ட்வேரை என் லேப்டாப்புல போட்டுத் தர்றேன்" என்றானாம் பையன். போட்டுப் பார்த்தால் ஏறவே இல்லை. ஏன் ஏறவில்லை என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

புதியது இருக்க, பழையது எதற்கு?

இன்றைய கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் 64 பிட் வகை. விண்டோஸ் 3.1 காலத்தில் எழுதப்பட்ட 16 பிட் சாப்ட்வேர்களை 64 பிட் விண்டோஸ் ஏற்பதில்லை. பழைய பூட்டின் சாவியைப் புதுப் பூட்டில் போட்டுத் திருப்பினால் திரும்புமா? அது போலத்தான்.

அடுத்தது பிளக். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரின் முதுகில் ஒன்பது முள் உள்ள சீரியல் போர்ட்டும், பிரிண்டருக்கென்று இருபத்தைந்து துளை உள்ள பாரலல் போர்ட்டும் இருக்கும். இப்போது எல்லாம் யு.எஸ்.பி. சீரியல் போர்ட்டுக்கு மாற்றுக் கேபிள் கடையில் கிடைக்கிறது. சில மெஷின்களுக்கு அது ஒத்துப் போகும், சிலவற்றுக்கு ஒத்துப் போகாது. பாரலல் போர்ட்டுக்கு விற்கும் மாற்றுக் கேபிள் பெரும்பாலும் பிரிண்டருக்கு மட்டுந்தான் உதவும்.

மூன்றாவது ஒரு சின்னப் பொருள், ஆனால் பெரிய ஆள். விலை உயர்ந்த எம்பிராய்டரி, அச்சுத் தொழில் சாப்ட்வேர்களை நகல் எடுக்காமலிருக்க 'டாங்கிள்' என்று ஒரு டப்பி கொடுப்பார்கள். தீப்பெட்டி அளவில்தான் இருக்கும். கம்ப்யூட்டரின் பின்னால் அதைச் செருகி வைத்திருந்தால்தான் சாப்ட்வேர் திறக்கும். அதுதான் சாவி. அது தொலைந்தால் மற்றதெல்லாம் இருந்தும் பிரயோஜனமில்லை. விவரம் தெரியாதவர்கள் "இது என்னடா துண்டு பிளாஸ்டிக்" என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

இது நம் வீட்டுத் தொல்லை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவின் நாசா விண்வெளி நிறுவனம், விண்வெளி ஓடத்துக்கான சோதனைக் கருவிகளைப் பழுது பார்க்க 1970-களின் கடைசியில் வந்த 8086 சில்லுகளை 2002-ல் பழைய சாமான் விற்பவர்களிடம் தேடியது. அந்த நாட்டின் அணு ஆயுதக் கட்டளை அமைப்பில் எட்டு அங்குல ஃப்ளாப்பி 2019 வரை உபயோகத்தில் இருந்தது. ஜப்பான் அரசாங்கம், விண்ணப்பங்களை ஃப்ளாப்பியில் கொடுக்கச் சொல்லும் விதிகளை 2024-ல்தான் நீக்கி முடித்தது. பெரிய பெரிய இடங்களிலேயே இந்தக் கதை என்றால், நம் தையல் அறை எம்மாத்திரம்?

காயலான் கடையில்

தாயும் பிள்ளையும் அன்று சாயங்காலமே கடைக்கு ஓடினார்கள். நல்ல காலம், பெட்டியை இன்னும் உடைக்கவில்லை. கடைக்காரர் ஆயிரம் ரூபாய் கேட்டார். இவள் பேரம் பேசவில்லை. ஆனால் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் டாங்கிளைக் காணோம்! கேபிள்களை எல்லாம் பிடுங்கி ஒரு சாக்கில் போட்டிருந்தார்கள். தாமிரத்துக்காகத் தனியே போகும் சாக்கு அது. தெரு விளக்கு வெளிச்சத்தில் சாக்கைக் கவிழ்த்து இரண்டு பேரும் அரிசியில் கல் பொறுக்குவது போலப் பொறுக்கினார்களாம். பழைய பிரிண்டர் கேபிளின் நுனியில், கழற்றாமல் அப்படியே ஒட்டிக் கொண்டிருந்தது டாங்கிள். "அக்கா, தாலியைத் தொலைச்சுட்டுக் கிடைச்ச மாதிரி இருந்துச்சு" என்றாள்.

செல் எனும் சின்ன எமன்

கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்தது. ஸ்விட்சைப் போட்டால் தேதி 1980 என்கிறது, எஃப்1 அழுத்து என்கிறது, மேலே போக மறுக்கிறது. மெக்கானிக் வந்து பார்த்து, உள்ளே இருக்கும் வட்டச் செல் தீர்ந்துவிட்டது, அதனால் தேதியையும் அமைப்புகளையும் மறந்து போயிருக்கிறது என்று சொல்லி, புதுச் செல் போட்டார். சி.ஆர்.2032 என்று பெயர். நம் ஒரு ரூபாய் நாணயத்தை ஒத்த அளவு, மூன்று வோல்ட். சொற்பக் காசுதான்.

பழைய செல்லை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு அவர் திரும்புவதற்குள், இரண்டு வயசுப் பேத்தி அதை எடுத்து வாயருகே கொண்டு போய்விட்டாள். பையன் பாய்ந்து பிடுங்கினான். குழந்தை வீறிட்டு அழுதது. அழட்டும், பரவாயில்லை.

இளம் தாய்மார்களே, இதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். இந்த வட்டச் செல் குழந்தையின் உணவுக் குழாயில் சிக்கிக் கொண்டால், அங்கிருக்கும் ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து, காரம் உண்டாகி, சதையையே அரித்துவிடும். இரண்டே மணி நேரத்துக்குள் கடுமையான புண் உண்டாகலாம். தீர்ந்து போன செல்தானே என்று அலட்சியம் வேண்டாம். கடிகாரம் ஓடப் போதாத செல்லிலும் குழந்தையின் தொண்டையைப் பொசுக்கப் போதுமான சக்தி மிச்சமிருக்கும்.

குழந்தை விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே போதும், 'வெளியில் போய்விடும்' என்று காத்திருக்கக் கூடாது. உடனே எக்ஸ்ரே வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாழைப்பழம், சாதம் என்று டாக்டர் சொல்லாமல் எதையும் கொடுக்காதீர்கள். அதே ரகச் செல் வீட்டில் இன்னொன்று இருந்தால் காட்டுவதற்கு எடுத்துப் போங்கள். எச்சில் வழிவது, இருமல், சாப்பிட மறுப்பது போன்ற அறிகுறிகள் சில குழந்தைகளுக்கு இருக்கும். சில குழந்தைகள் ஒன்றுமே நடக்காதது போல் விளையாடிக் கொண்டிருக்கும். அறிகுறி இல்லை என்று ஏமாறாதீர்கள். மூக்கிலோ காதிலோ செருகிக் கொண்டாலும் இதே அவசரந்தான்.

செல்லை மாற்றியதும் பழையதன் இரண்டு பக்கமும் செல்லோடேப் ஒட்டி, குழந்தைக்கு எட்டாத டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள். டி.வி. ரிமோட், சுவர்க் கடிகாரம், விளையாட்டுச் சாமான் எதுவானாலும் இதே விதிதான்.

வைத்துக் கொள்வதானால் எப்படி?

வைத்துக் கொண்டால் மட்டும் போதாது, பராமரிக்கவும் வேண்டும். பரண் மேல் ஏற்றிவிட்டுப் பத்து வருஷம் கழித்து இறக்கினால் ஓடும் என்று எதிர்பார்க்க முடியாது. என் ஓரகத்தியும் மெக்கானிக்குமாகச் சேர்ந்து செய்து கொண்ட ஏற்பாடுகளைச் சொல்கிறேன்.

ஒன்று: மாதம் ஒரு முறையாவது அரை மணி நேரம் ஓட விடுங்கள். உள்ளே ஈரம் தங்காது. ஏதாவது கோளாறு என்றாலும் சீக்கிரமே தெரிந்து போகும்.

இரண்டு: தூசி தட்டும்போது பிளக்கை முழுக்கப் பிடுங்கிவிட வேண்டும். ஈரத் துணி கூடாது. பெயிண்ட் அடிக்கும் மிருதுவான புது பிரஷ் ஒன்றை இதற்கென்றே வைத்துக் கொள்ளுங்கள். உள்ளே கை வைக்குமுன் பெட்டியின் உலோகப் பகுதியை ஒரு முறை தொடுங்கள். நம் உடம்பில் உள்ள நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுக்காமலிருக்கும்.

மூன்று: உள்ளே போர்டில் சின்னச் சின்ன டப்பா மாதிரி நிற்பவை கெப்பாஸிட்டர்கள். அவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். இட்லி மாதிரி உப்பியிருந்தாலோ, பழுப்பாகக் கசிந்திருந்தாலோ ஓட்டாதீர்கள்; மெக்கானிக்கிடம் காட்டினால் மாற்றித் தருவார். 2000-ஐ ஒட்டிய வருஷங்களில் தயாரான போர்டுகளில் இந்த நோய் அதிகம்.

நான்கு: பவர் சப்ளைப் பெட்டியையும், பழைய கண்ணாடிக் குழாய் மானிட்டரையும் நாம் திறக்கவே கூடாது. ஸ்விட்சை அணைத்த பிறகும் உள்ளே உயர் மின் அழுத்தம் தங்கியிருக்கும். "ஸ்க்ரூ கழட்டித்தானே பார்க்கறேன்" என்று பிள்ளைகள் கிளம்பினால் தடுத்துவிடுங்கள். அந்த மானிட்டர் இல்லாமல் முடியாது என்றும் இல்லை. அந்தக் காலத்து நீல நிற வி.ஜி.ஏ. பிளக்கை ஏற்கும் தட்டை மானிட்டர் பழைய சாமான் கடையிலேயே கிடைக்கும்.

ஐந்து: விண்டோஸ் 98-க்கு 2006-லும், எக்ஸ்பி-க்கு 2014-லும் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. ஆகவே இந்தக் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் வேண்டாம். பாங்கி வேலை, ஈமெயில் எதுவும் இதில் கூடாது. அது தையல் அறை வேலைக்காரி. கடைத் தெருவுக்கு அனுப்பாதீர்கள்.

ஆறு: ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். எந்தக் கேபிள் எங்கே, சாப்ட்வேர் சி.டி. எங்கே, பாஸ்வேர்டு என்ன, திரையில் வரும் அமைப்புகள் என்ன என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். கேபிள் நுனியில் மருந்துக் கடை பிளாஸ்திரியை ஒட்டிப் பெயர் எழுதி வையுங்கள். டாங்கிளின் மேல் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு. 'தூக்கிப் போடாதே' என்று பெட்டியின் மேலேயே கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். என் ஓரகத்தி வீட்டில் இது நடந்திருந்தால் அந்த ஓட்டமே இருந்திருக்காது.

உயிரை ஒரே குடத்தில் வைக்காதீர்கள்

முக்கியமான விஷயம் நகல். பழைய ஹார்ட் டிஸ்க் உள்ளே சுழலும் யந்திரம். என்றைக்காவது ஒரு நாள் நின்றுவிடும். மெக்கானிக் அதை அப்படியே நகல் எடுத்து, காமிரா கார்டு மாதிரி இருக்கும் காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டு ஒன்றில் ஏற்றிக் கொடுத்தார். ஒரு சின்ன அடாப்டரின் மூலம் அது பழைய ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்திலேயே உட்கார்ந்து கொண்டது. சத்தம் இல்லை, சூடு இல்லை. எட்டு ஜிபி கார்டே தாராளம். மிகப் பெரிய கார்டை வாங்கிவிட்டால் சில பழைய கம்ப்யூட்டர்கள் திணறும். அசல் டிஸ்க் இப்போது பீரோவில் பத்திரமாக இருக்கிறது. இன்னொரு நகல் பையனின் லேப்டாப்பில்.

எம்பிராய்டரி டிசைன்கள் எடுத்துக் கொள்ளும் இடம் கொஞ்சந்தான். மெஷின்களில் பிரபலமான ஒரு வகைக் கோப்பில் ஒரு தையலுக்கு மூன்று பைட். பத்தாயிரம் தையல் உள்ள டிசைனுக்குச் சுமார் 30 கேபி. இருபது வருஷத்து உழைப்பு ஒரு பென் டிரைவின் மூலையில் அடங்கிவிடும்! விண்டோஸ் எக்ஸ்பி பென் டிரைவைத் தானாகவே அடையாளம் கண்டுகொள்ளும். 98-க்கு மட்டும் அதற்கான டிரைவரைத் தனியாகப் போட வேண்டும்.

சிலர் வீட்டு மெஷின் ஃப்ளாப்பி கேட்கும். ஃப்ளாப்பி தயாரிப்பைப் பெரிய கம்பெனியான சோனி 2011-லேயே நிறுத்திவிட்டது. இருக்கும் ஃப்ளாப்பிகளைக் காற்றுப் புகாத டப்பாவில், மாத்திரை பாட்டிலில் வருமே அந்த சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். காந்தம், ஸ்பீக்கர் அருகில் வேண்டாம். அந்துருண்டையும் வேண்டாம். ஃப்ளாப்பியின் தகர மூடியை நகர்த்திப் பார்த்து, உள்ளே வெள்ளையாகப் பூசணம் தெரிந்தால் டிரைவில் போடாதீர்கள். டிரைவ் கெட்டுவிடும், அடுத்துப் போடும் ஃப்ளாப்பியும் கெடும். ஃப்ளாப்பி டிரைவைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பொருத்தும் 'எமுலேட்டர்' கருவியும் இப்போது கிடைக்கிறது. அதில் பென் டிரைவைச் செருகினால், மெஷின் அதை ஃப்ளாப்பி என்றே நம்பி வாங்கிக் கொள்ளும்!

குழந்தைகள் விளையாடிய பழைய டாஸ் விளையாட்டுகள், கணக்குப் புத்தகம் மாதிரியான சின்ன சாப்ட்வேர்கள் என்றால் பெட்டியை வைத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. டாஸ்பாக்ஸ் என்ற இலவச சாப்ட்வேர் புதிய கம்ப்யூட்டரிலேயே பழைய டாஸ் சூழ்நிலையை உண்டாக்கித் தரும்.

இன்னொரு விஷயம். மாமனார் அந்தக் காலத்தில் டைப் செய்த வம்சாவளி, அம்மா சொல்லச் சொல்ல அடித்து வைத்த ஊறுகாய்க் குறிப்பு எல்லாம் பாமினி மாதிரியான பழைய தமிழ் எழுத்துருவில் இருக்கும். புதுக் கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்துக்கள் தாறுமாறாகத் தெரியும். கெட்டுப் போயிற்று என்று அழித்துவிடாதீர்கள். யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் உண்டு. பழைய கம்ப்யூட்டர் இருக்கும்போதே ஒரு பிரதி அச்செடுத்து வைத்துக் கொண்டால், மாற்றியதைச் சரிபார்க்கவும் உதவும்.

எதை வைப்பது, எதை விடுவது?

"அப்படியானால் எல்லாக் குப்பையையும் கட்டிக் கொண்டு அழ வேண்டுமா?" என்று கேட்பீர்கள். வேண்டாம். ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: 'இது போனால் வேறு எது நின்று போகும்?' தையல் மெஷினோ, நல்ல ஸ்கேனரோ, திறக்க முடியாத ஒரு கணக்கோ நிற்கும் என்றால் வையுங்கள். ஒன்றும் நிற்காது என்றால் விட்டுவிடுங்கள்.

விடும்போதும் முறை இருக்கிறது. முதலில் ஹார்ட் டிஸ்கைக் கழற்றிக் கொள்ளுங்கள். உங்கள் வீட்டுப் போட்டோவும் பாங்கி விவரமும் அதில் இருக்கும். பழைய மானிட்டர் கண்ணாடியிலும், போர்டின் பற்றவைப்பிலும் ஈயம் இருக்கிறது. வளரும் குழந்தைகளின் மூளைக்கு அது விரோதி. ஆகவே வீட்டில் உடைக்காதீர்கள். மின்னணுக் கழிவுகளுக்கான புதிய விதிகள் 2023 ஏப்ரல் முதல் அமலில் உள்ளன. பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரர்களிடம் கொடுப்பதுதான் சரி.

கேபிள்களைப் போகித் தீயில் போடுவதைக் கனவிலும் நினைக்காதீர்கள். பிளாஸ்டிக் வயர் எரிந்து வரும் புகை விஷம். 2018 போகியன்று சென்னையில் புகை மூட்டத்தால் விமானங்களே இறங்க முடியாமல் போனது நினைவிருக்கிறதா? அந்தப் புகையைச் சுவாசித்தது நம் குழந்தைகளுந்தானே.

சரி, முந்நூறு பாட்ஜ் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? செல் மாற்றியதும் பழைய கம்ப்யூட்டர் நிதானமாக எழுந்து உட்கார்ந்தது. ராத்திரி பகலாக மெஷின் ஓடி, சொன்ன தேதியில் ஆர்டர் போய்ச் சேர்ந்தது. பையன் கூடவே உட்கார்ந்து நூல் மாற்றிக் கொடுத்தானாம். பெட்டியின் மேல் அறிவிப்பு ஒட்டியதும் அவன்தான். 'இது அம்மாவுடையது. யாரும் தொடக் கூடாது' என்று எழுதியிருக்கிறானாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பரணையும் ஒரு முறை பாருங்கள். முதலில் அந்த வட்டச் செல்கள் எங்கெங்கே கிடக்கின்றன என்று தேடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். அடுத்த இதழில் சந்திப்போம்.